உப்பளத்து வீட்டில் உப்பில்லாக் குழம்பு

முதலில் வீங்கியது மாமாவின் கால்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதை வீக்கம் என்று நினைக்கவில்லை. மரக்காணத்து உப்புத் தண்ணீரில் சின்ன வயதிலிருந்து நின்று ஊறிய கால் அது. பாதம் வெடித்து, தோல் தடித்து, எப்போதும் கொஞ்சம் உப்பலாகத்தான் இருக்கும். ஒரு நாள் ரப்பர் செருப்புக்குள் கால் நுழையவில்லை. "செருப்பு சுருங்கிப்போச்சுடா, வேற வாங்கியா" என்றார் மாமா. என் கணவர் ஏழுமலையும் மறுபேச்சு பேசாமல் ஒரு அளவு பெரிய செருப்பாக வாங்கிவந்து மாட்டிவிட்டார். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. பெயர் கன்னியப்பன். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மாமியார் போய்ப் பல வருடம் ஆகிறது. நான் பிரம்மதேசத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் விளைகிற வீட்டில் பிறந்து, இந்த உப்பு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் எடுத்தவள். மாமாவுக்கு என்னைவிட நீளம். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

வயதான நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மாதிரிக் கட்டுரைகளை நானும் தேடித்தேடிப் படித்தேன். பாதி படிப்பதற்குள் கண்ணீர் வந்து எழுத்து மறைந்துவிடும். எங்கள் வீட்டிலும் அழுதோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சிரித்ததுதான் அதிகம். அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா?

செருப்பு மாற்றிய கொஞ்ச நாளில், படுத்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு தலையணை போதாமல் இரண்டானது. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஐப்பசி மழையில் உப்புப் பாத்திகள் எல்லாம் முழுகிக் கிடந்த ஒரு காலையில், பல் துலக்கப் போனவர் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு கறுத்திருந்தது. பேச்சு வரவில்லை. மாமாவுக்குப் பேச்சு வரவில்லை என்றதும்தான் எனக்கு உறைத்தது.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐ.சி.யூ. (தீவிர சிகிச்சைப் பிரிவு), முகத்தில் ஆக்சிஜன், கையில் ஊசி. எக்கோ (ஒலி அலைகளை வைத்து இதயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். ஹார்ட் ஃபெயிலியர் என்று சொன்னார்கள். என் கணவர் வராந்தாவிலேயே நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

எங்களைப் பார்த்த டாக்டரம்மா நிதானமானவர். என் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஃபெயிலியர்னா நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. உப்பளத்துல தண்ணி இறைக்க மோட்டார் வெச்சிருப்பீங்க இல்ல? மோட்டார் ஓடுது. இறைக்கிற வேகம் கம்மியாயிடுச்சு. இறைக்காத தண்ணி கால்ல தேங்குது, நுரையீரல்ல தேங்குது. அதான் மூச்சு வாங்குது" என்றார். இதைவிடத் தெளிவாக எங்களுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

நீர் மாத்திரை (உடம்பில் தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) கொடுத்தார்கள். கால் வற்றியது. ஒரு வாரத்தில் மாமா வாய் திறந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் எந்த ஊர் என்று விசாரிக்க, நர்ஸ் வந்து பேசக்கூடாது என்று அடக்க, முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மூன்று விஷயம் சொன்னார். தண்ணீர் அளவோடு குடிக்க வேண்டும். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். உப்பை நிறுத்த வேண்டும். உப்பு இருக்கிற இடத்தில் தண்ணீர் தங்கும் என்பதை மறக்கக் கூடாது.

நாங்கள் மறக்கவில்லை. சொன்னபடி செய்தோம். ஆனால் அடுத்த முறை போகும்போது கால் மறுபடியும் தூணாக இருந்தது. டாக்டரம்மா விரலால் கணுக்காலை அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"உப்பை நிறுத்தினீங்களா?"

"அன்னைக்கே நிறுத்திட்டோம் டாக்டர். பாக்கெட் உப்பு வீட்டு வாசப்படி ஏறல" என்றார் என் கணவர், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்போ குழம்புக்கு?"

"நம்ம பாத்தி உப்புதாங்க. மருந்து கலக்காதது. நாங்களே வாரினது."

"எவ்ளோ போடுறீங்க?"

"எப்பவும் போடுற அளவுதாங்க" என்றேன் நான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நம்ம உப்பு நம்மள ஒண்ணும் பண்ணாதுங்க டாக்டரம்மா. கடை உப்புதான் கெடுதல்."

இதை நீங்கள் படித்துச் சிரிக்கலாம். எங்கள் தெருவில் யாரும் சிரிக்க மாட்டார்கள். கடையில் மாவு மாதிரி வெள்ளையாக விற்பதுதான் வியாதி கொண்டுவரும், கண்ணெதிரே பாத்தியில் விளைந்த கல்லுப்பு உடம்புக்கு நல்லது என்றுதான் இங்கே எல்லோரும் நம்புகிறோம். டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னால் எங்கள் காதில் பாக்கெட் உப்பை என்றுதான் விழும்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரியவரே, உங்க உப்புக்கு நீங்க யாருன்னு தெரியாதுங்க" என்றார்.

ஊர் வந்து சேரும் வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு கோபம்.

அன்றிலிருந்து உண்மையாகவே உப்பு நின்றது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை பிஸ்கட் எல்லாமே போயின. கடையில் "உப்புக்குப் பதில்" என்று விற்கிற உப்பையும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் (இதயத் துடிப்போடு சம்பந்தப்பட்ட தாது) அதிகம் இருக்கும், மாமா சாப்பிடுகிற மாத்திரைகளோடு அது ஆகாது என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

மாமா தட்டைத் தள்ளிவிட்டார். முதல் நாள் தள்ளினார், மறுநாளும் தள்ளினார். "நான் வெளைய வெச்சத ஊரே துன்னுது. எனக்கு மட்டும் இல்லியா?" என்று கேட்டார். உடம்பு இளைத்தது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. நோய் கொண்டுபோவதற்கு முன்னால் பட்டினி கொண்டுபோய்விடும் போல இருந்தது.

"மலரு, ஒரே ஒரு நாள் ஒழுங்கா உப்பு போட்டு, மாங்கா போட்டு, ஒரு மீன் கொழம்பு ஆக்கிக் குடு. துன்னுட்டு செத்துட்றேன்" என்பார் தினமும்.

"செத்துட்டா அந்தக் கொழம்பு மிஞ்சிப் போயிடுமே மாமா. யாரு துன்றது?" என்பேன். வாய்தான் அப்படிச் சொல்லும். உள்ளே எனக்குப் பயம். அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கறுத்த உதட்டோடு நின்றாரே, அதை மறுபடி பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. அவருக்கு உப்பு வேண்டும். எனக்கு அவர் மூச்சு வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வருடம் முழுக்க நடந்த சண்டை இதுதான்.

அவருக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டியில் சமைத்ததுதான் நாங்கள் செய்த தவறு என்று பிறகு புரிந்தது. "உங்களுக்கு ஒரு கொழம்பு, எனக்கு ஒரு கொழம்பா? நான் இன்னா தீட்டா?" என்று ஒரு நாள் கேட்டார். சுருக்கென்று இருந்தது. மறுநாளிலிருந்து வீட்டில் ஒரே சட்டி. அதில் உப்பு கிடையாது. வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் உப்பு வைத்தேன்.

என் கணவர் முதல் இரண்டு நாள் கிண்ணத்தைத் தொட்டார். அப்பாவின் கண் அந்தக் கையோடு போய், கையோடு திரும்பி வந்ததைப் பார்த்தார். அதற்கப்புறம் அவரும் தொடவில்லை. மூன்று பேரும் ஒரே குழம்பைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டோம். திட்டுவதற்குத் துணை கிடைத்ததும் மாமாவுக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது.

பிறகு நானும் ரோஷத்தோடு சமையலைக் கற்றுக்கொண்டேன். உப்பில்லாத குறையைப் புளிப்பும் காரமும் வாசனையும் பாதி மறைக்கும். இறக்கும்போது எலுமிச்சம்பழம், தாராளமாக மிளகும் பூண்டும், வெங்காயத்தைச் சிவக்கச் சிவக்க வதக்குவது, கொத்தமல்லித்தழையை அரைத்துக் கடைசியில் கலப்பது. ரசம் நன்றாக வந்தது. கத்தரிக்காய் வந்தது. சாம்பார் மட்டும் கடைசி வரைக்கும் வரவே இல்லை.

எடை பார்ப்பது வேறு கதை. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், தினமும் ஒரே மிஷினில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். கால் வீங்குவதற்கு முன்னாலேயே எடை சொல்லிவிடும். வீட்டில் வைத்துப் பார்க்கிற சின்ன மிஷின் ஒன்றை என் கணவர் வாங்கி வந்தார். மாமா அதில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தார். இரண்டு முறையும் வேறு வேறு எண் காட்டியது.

"இது பொய் மிஷினு. நம்ம கொட்டாயில பாரு. கிராம் தப்பாது" என்று சொல்லிவிட்டார்.

தெருக்கோடியில் உப்பு மூட்டை எடை போடுகிற கொட்டகை இருக்கிறது. அங்கே தரையோடு பதித்த பெரிய எடை மிஷின். தினமும் காலையில் மாமாவை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவார் என் கணவர். மிஷின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாமா ராஜா மாதிரி உட்காருவார். மேஸ்திரி கோதண்டம் அண்ணன் நாற்காலி எடையைக் கழித்துவிட்டுச் சத்தமாகப் படிப்பார். தை பிறந்து உப்பு வார ஆரம்பித்ததும் வேலைக்கு வருகிற ஆணும் பெண்ணும் இதைப் பார்க்காமல் பாத்திக்கு இறங்குவதில்லை.

"ஒரு மூட்டைக்கு மேல கொஞ்சம் சிந்துது பெரியவரே" என்பார் கோதண்டம் அண்ணன். ஐம்பது கிலோ மூட்டையைத்தான் சொல்கிறார்.

"பாத்துடா. லாரில ஏத்திடப் போறீங்க."

ஈர உப்பு எடை கூடுதலாக நிற்கும். அதனால் எடை போடும்போது உப்பு ஈரமா, காய்ந்ததா என்று கேட்பது இங்கே வழக்கம். ஒரு நாள் மாமாவின் எடை ஏறியிருந்தபோது, "பெரியவரு இன்னைக்கு ஈரம்" என்றார் கோதண்டம் அண்ணன். அது அப்படியே நிலைத்துவிட்டது. கூனிமேட்டிலிருந்து வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் மும்தாஜ் சிஸ்டரே போனில், "மலர்க்கா, தாத்தா இன்னைக்கு ஈரமா, காஞ்சிருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஈரம் என்றால் டாக்டரம்மாவிடம் கேட்டு நீர் மாத்திரையைக் கூட்டச் சொல்வார். காய்ந்திருந்தால் அதே அளவு. இதனாலேயே அந்த வருடம் நாங்கள் ஆஸ்பத்திரியில் படுக்கவே இல்லை.

சித்திரையில் ஒரு வாரம் காரணமே இல்லாமல் ஈரமாகவே இருந்தார். சமையல் என்னுடையது, உப்பு இல்லை. மாத்திரை என் கையால் கொடுக்கிறேன். மும்தாஜ் சிஸ்டர் மாமாவின் கணுக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "தாத்தா, எங்க துன்னீங்க, என்ன துன்னீங்க? உண்மையச் சொன்னா அக்காகிட்ட சொல்ல மாட்டேன்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மாமா மோட்டுவளையைப் பார்த்தார். கடைசியில் வாய் திறந்தது என் கணவர்தான். கொட்டகையில் தினமும் மாங்காய் நறுக்கிச் சாப்பிடுகிறார்களாம். தொட்டுக்கொள்ள உப்பைத் தேடிப் போக வேண்டியதே இல்லை, கையை நீட்டினால் குவியல். மாமா எடை பார்த்துவிட்டு இறங்கியதும் இரண்டு துண்டு அவர் கைக்குப் போகும். எல்லாம் கோதண்டம் அண்ணன் ஏற்பாடு. மாமாவைக் கூட்டிக்கொண்டு போன என் கணவருக்கும் அதில் பங்கு.

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே கொட்டகைக்குப் போனேன். அத்தனை பேரும் பாத்திக்குள் இறங்கி, குனிந்து, மும்முரமாக வேலை செய்தார்கள். வெளியே நின்றவர் கோதண்டம் அண்ணன் மட்டும்தான்.

"ஏண்ணே, அவருக்கு மூச்சு முட்டினா நீங்களா வந்து பாப்பீங்க?"

"தப்புதாம்மா. ஆனா அவரு மூஞ்சியப் பாத்துக்கினு எப்படிமா துன்றது?" என்றார்.

நான் திட்ட வந்ததை மறந்து சிரித்துவிட்டேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம். மாங்காய் உண்டு, உப்பு கிடையாது, மிளகாய்த்தூள் மட்டும். அதுவும் மாமா அங்கே இருக்கிற நேரத்தில் யாரும் உப்பு தொடக்கூடாது. உப்பளத்தில் உட்கார்ந்துகொண்டு உப்பில்லாமல் மாங்காய் சாப்பிட்ட ஒரே கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நீர் மாத்திரை போட்ட மதியங்களில் இருபது தடவை எழுந்து கழிவறைக்குக் கூட்டிப்போன அலுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதுகு விட்டுப்போகும். என் அம்மா வீட்டு விசேஷங்களுக்கு நான் போகவில்லை. அதையெல்லாம் மறைத்து எழுதினால் அது ஏமாற்று. ஒரு நாள் கழிவறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "மலரு, அழுது முடிச்சிட்டியா, கதவத் தொறக்கட்டா?" என்று குரல் வந்தது. அவரால் எனக்கு வந்த அலுப்பு, அவராலேயே போய்விடும்.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது ஈரமா, காய்ந்ததா என்ற கணக்கு எங்கள் கையை மீறிப்போனது. மாத்திரையைக் கூட்டியும் கால் வற்றவில்லை. நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கினார். மாசியில் மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். சென்னையிலிருந்து என் நாத்தனார் விஜயாவும் வந்திருந்தார். எக்கோவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நாற்காலியை மாமாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்களிடம் பேசவில்லை, அவரிடமே பேசினார்.

"பெரியவரே, இதயம் ரொம்பக் களைச்சுப்போச்சு. இன்னும் நாள் கூட்டுறதுக்கு என்கிட்ட மருந்து இல்லை. ஆனா மூச்சு முட்டாம, வலி இல்லாம பாத்துக்க மருந்து இருக்குது. அடுத்த தடவ மூச்சு திணறினா ஐ.சி.யூ.வுக்கு வர்றீங்களா, வீட்லயே இருக்கீங்களா? நீங்கதான் சொல்லணும்."

"அங்க பேசக்கூடாதுன்றாங்களே" என்றார் மாமா. "பேசாம எப்படிமா சாவறது? நான் வீட்லயே இருந்துக்கிறேன்."

விஜயா விசும்பினார். "அப்போ கைவிட்டுட்டீங்களா டாக்டர்?"

"கைவிடலைங்க. இனிமேதான் அதிகமா கவனிக்கணும். சிஸ்டர் வாரத்துக்கு மூணு நாள் வருவாங்க." பிறகு மாமாவைப் பார்த்து, "இனி சாப்பாட்டுல கட்டுப்பாடு வேணாம். உப்பு போட்டுச் சாப்பிடுங்க. அதனால வர்ற தண்ணிய நான் மாத்திரையில பாத்துக்கிறேன்" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் அவர் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. கிடைத்தால் என்ன அர்த்தம் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஜெயிச்சிட்டேன் பாத்தியா" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

திரும்பும்போது கூனிமேட்டில் காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, அவரே பேரம் பேசிச் சங்கரா மீன் வாங்கினார். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். மாங்காய் கொட்டகையிலிருந்து வந்தது. நான் அடுப்பில் சட்டியை ஏற்றினேன். ஒரு வருடமாக உப்பைத் தொடாத கை, அளவு தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சொல்லிக் கொடுத்த அளவையே போட்டேன். போடும்போது அழுதேன். குழம்பில் விழாமல் தள்ளி நின்று அழுதேன்.

எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். விஜயா அவருக்கு முள் எடுத்துக் கொடுத்தார். மாமா சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். முகம் சுளித்தது.

"இன்னாமா இது? கரிக்குது" என்றார்.

"கரிக்குதா? அளவாத்தானே போட்டேன்."

"கடலையே தூக்கி ஊத்தி வெச்சிருக்க. வாயில வெக்க முடியல. ஏம்பா, நீ துன்னு பாரு."

என் கணவர் ஒரு வாய் வைத்தார். அவர் முகமும் சுளித்தது. நான் வைத்துப் பார்த்தேன். நாக்கு சுருண்டது. சென்னையிலிருந்து வந்த விஜயா மட்டும் ஒன்றும் புரியாமல், "நல்லாத்தானே இருக்குது" என்று எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவுதான். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க மூச்சு போதவில்லை, ஆனாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எங்களுக்கும் பற்றிக்கொண்டது. விஜயாவும் என்னவென்று தெரியாமலேயே சிரித்தார்.

மாமா அந்தச் சட்டியைத் தள்ளிவிட்டார். "கொட்டாயில குடுத்துடு. அவனுங்க துன்னட்டும். எனக்கு நேத்து வெச்ச ரசம் இருந்தா ஊத்து. நாளைலருந்து பழையபடியே ஆக்கு." ரசத்தை ஊற்றினேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரை நான் பட்டினி போட்டுக் கொல்கிறேனோ என்று மனசுக்குள் இருந்த பாரம் அன்றைக்கு இறங்கியது.

அதன்பிறகு கிடைத்த நாட்களில் எடை பார்ப்பதை நிறுத்திவிட்டோம். சாய்வு நாற்காலியை வாசல் பக்கம் போட்டோம். பாத்திக்குப் போகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். மும்தாஜ் சிஸ்டர் மார்ஃபின் (வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும் மருந்து) எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொடுத்தார். மூச்சு முட்டும்போது உட்காரவைத்து, முகத்தில் காற்றுப் படும்படி மின்விசிறி வைக்க வேண்டும், கூட்டம் சேரக்கூடாது, பக்கத்தில் ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஒரு நாள் அது தேவைப்பட்டது.

அன்று மூச்சு வாங்கியதும், ஊருக்குத் திரும்பாமல் எங்களோடு தங்கிவிட்ட விஜயா ஆம்புலன்ஸை அழைக்கப் போனை எடுத்துவிட்டார். மாமா கையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் மருந்தைக் கொடுத்து, விசிறியைத் திருப்பி, கையைப் பிடித்துக்கொண்டு, பிரம்மதேசத்தில் என் சித்தப்பா மாடு வாங்கி ஏமாந்த கதையைச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு அடங்கியது. "அந்த மாடு அப்பால இன்னாச்சு?" என்றார். விஜயா போனைக் கீழே வைத்தார். அப்பாவைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பங்குனியில் ஒரு காலை. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாருகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கோதண்டம் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் காபி வடிகட்ட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கோதண்டம் அண்ணன் பேச்சை நிறுத்தியிருந்தார். மாமாவின் உதடு கறுக்கவில்லை. முகம் சாந்தமாக இருந்தது.

கல்யாணச் சாவு என்று எங்கள் பக்கம் சொல்வோம். வாழ்ந்து முடித்தவரை மேளதாளத்தோடு அனுப்புவது. தெருவே ஆடியது. உப்பளத்துப் பெண்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோதண்டம் அண்ணன் வந்தார். கை மூடியிருந்தது. திறந்து காட்டினார். அன்று காலை வாரிய உப்பு. ஈரம்கூடக் காயவில்லை.

"உசுரோட இருக்கச்ச தடுத்தோம். இப்ப இன்னா இருக்குது. பெரியவரு வாயில ஒரு கல்லு வெச்சிட்றேன்" என்றார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது.

"வேணாண்ணே" என்றேன். "மாமாவுக்குக் கரிக்கும்."

முதலில் சிரித்தது விஜயா. அழுதுகொண்டே சிரித்தார். பிறகு என் கணவர், பிறகு அந்த வருடத்தைப் பார்த்திருந்த அத்தனை பேரும். கோதண்டம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. உப்பை மாமாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார்.

"கைக்குக் கரிக்காது இல்ல" என்றார்.

இப்போது வீட்டில் மறுபடியும் உப்பு போட்டுத்தான் சமைக்கிறேன். கொஞ்சமாக. வெளியே எங்கே சாப்பிட்டாலும் எனக்கும் என் கணவருக்கும் வாயில் வைக்க முடிவதில்லை. வெண்டைக்காய்க்குள் ஓர் இனிப்பு இருப்பதும், கீரைக்கு என்று ஒரு வாசனை இருப்பதும் ஐம்பது வயதில்தான் என் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லாதது போல நாள் நீளமாக இருக்கிறது. பழைய உப்பு ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வரட்டும், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.